குளவி, கழுத்து, மூச்சு

இந்த ஊர் மொழியில் பெயர்ச்சொல் தனியாக வெளியே கிளம்பாது. முன்னால் ஒரு குட்டிச் சொல் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். கேட்கிறவருக்குத் தெரியாத பொருளுக்கு ஒன்று, தெரிந்த பொருளுக்கு இன்னொன்று. எனக்கு அது பிடிபடவே இல்லை. சாப்பாட்டு மேசையில் அந்த மொழியைப் பேசிப் பழகுகையில் நான் அந்தக் குட்டிச் சொல்லை விழுங்கும்போதெல்லாம் என் மனைவி கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். தப்புக்கு ஒரு 'டிங்'.

"என்ன சார், மறுபடியும் மொட்டையா அனுப்பிட்டீங்க?"

"ஏம்மா, கதவுன்னா கதவுதானே? அதுக்கு எதுக்குத் துணைக்கு ஆளு?"

"இன்னைக்கும் பாத்திரம் நீங்கதான்."

தப்பு செய்கிறவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவள் தப்பே செய்ததில்லை. வெளியாட்களிடம் பேசுவதெல்லாம் அவள்தான்.

அன்று பால்கனியில் துணி எடுக்கப் போனவள், கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"குளவி..."

அதற்குமேல் குரல் வரவில்லை. உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது. போனில் அவசர எண்ணை அழுத்தி என் கையில் திணித்துவிட்டு சாப்பாட்டு மேசை நாற்காலியில் சரிந்தாள்.

"என்ன அவசரம்?" என்றாள் மறுமுனையில் ஒருத்தி.

வாயைத் திறந்தேன். குளவி. போனில் இருப்பவளுக்குத் தெரியாத குளவி. அப்படியானால் முதல் சொல். கழுத்துக்கு? எனக்குத் தெரிந்த கழுத்து, அவளுக்குத் தெரியாதே...

"ஹலோ? இருக்கீங்களா?"

டிங்.

நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே! திரும்பினேன். மனைவியின் கையில் கரண்டி. டிங், டிங், டிங். நிறுத்தாமல் தட்டினாள். முகம் நீலம் பாரித்திருந்தது. கண்கள் என்னை உலுக்கின: பேசித் தொலைங்க!

"குளவி!" என்று கத்தினேன். "கழுத்து! மனைவி! மூச்சு... மூச்சு இல்லை!"

"குளவி. கழுத்து. மூச்சு," என்று போனில் இருந்தவளும் என்னைப் போலவே மொட்டையாகத் திருப்பிச் சொன்னாள். "வீடு?"

தெருப் பெயரைச் சொன்னேன். "மாடி மூன்று. கதவு திறந்து!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தேன். திரும்பி வந்தபோது கரண்டி தரையில் கிடந்தது. அவளை மார்போடு சாய்த்துக்கொண்டு மாடிப்படியையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு நூலாக இழைந்தது, அறுந்தது, மறுபடி இழைந்தது.

தடதடவென்று பூட்ஸ் சத்தம். இருவர் வந்தார்கள். தொடையில் ஊசி இறங்கியது.

விசில் மெல்ல அடங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது வீங்கிய உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எத்தனை... மொட்டையா விட்டீங்க?"

"எல்லாத்தையும்தான்."

"அப்போ பாத்திரம்..."

"நான்தான்மா," என்றேன். "நான்தான்."