எட்டுக்கு நாலு போல்ட்

மணி பதினொன்றரை. வேங்கிக்கால் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு மணி வரைதான் இருப்பார். அதற்குள் சைடு கார்டு அங்கே போய்ச் சேர வேண்டும். கார்டோ கஸ்தூரியின் வெல்டிங் பட்டறையிலேயே இல்லை.

செல்போன் மறுபடி அடித்தது. சக்கரவர்த்திதான். அவருக்குச் சொந்தமாகப் பதினோரு டிரெய்லர்.

"இன்னாமா, வருமா வராதா?"

"வந்துடும்ணா. அரை மணி நேரம்."

"காலையிலருந்து இந்த அரை மணி நேரத்தத்தான் சொல்லினுகீற. பாரு, இன்னைக்கு எஃப்.சி. ஆவலைன்னா இந்த வண்டி மட்டும் இல்ல, பதினொண்ணும் வேற பட்டறைக்குப் போயிடும். அப்புறம் அழாத."

கஸ்தூரிக்கு அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. பௌர்ணமி முடிந்து மூன்று நாள் ஆகிறது. கிரிவலக் கூட்டம் பட்டறை வாசலில் விடிய விடிய நடந்ததில் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை. கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் இருந்தது.

சைடு கார்டு ஒன்றும் பெரிய அதிசயமில்லை. டிரெய்லரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, இரண்டு கட்டில் போடலாம் என்கிற அளவுக்கு வெற்றிடம் கிடக்கும். பக்கத்தில் வரும் சைக்கிள்காரனோ மொபெட்காரனோ தடுமாறினால் நேராக அதற்குள்தான் விழுவான். எழுவதற்குள் பின் சக்கரம் வந்துவிடும். அப்படி யாரும் உள்ளே போகாமல் தடுக்கப் பக்கத்துக்கு இரண்டு வரிசை இரும்புக் குழாய். அது இல்லாத வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒற்றைக்காலில் நின்றார்.

டிரைவர்களுக்கோ அது ஆகவே ஆகாது. ஸ்டெப்னி எடுக்க இடைஞ்சல். ஸ்டவ் பெட்டியைத் திறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வெற்றிடத்தில்தான் தூளி கட்டி மதியத் தூக்கம் போடுவார்கள். கார்டு வந்தால் தூக்கம் போயிற்று.

ஆகவே ஊருக்கெல்லாம் ஒரே ஜோடி கார்டு. கஸ்தூரியின் வீட்டுக்காரர் அப்பாதுரை அடித்தது. எஃப்.சி. அன்று காலையில் மாட்டுவது, கையெழுத்து ஆனதும் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொடுப்பது. இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வராமல் இருக்க ஒரு தரம் மஞ்சள் பெயிண்ட், ஒரு தரம் வெள்ளை. இரண்டு வருஷத்தில் நாற்பது வண்டி தாண்டிவிட்டது. அப்பாதுரை கிரேன் வேலைக்கு ஓசூர் போனதிலிருந்து மாட்டுவதும் கழற்றுவதும் கஸ்தூரியின் தலையில் விழுந்தது.

பக்கத்துக்கு எட்டு போல்ட். முதலில் எட்டும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு ஆறு. இப்போது நாலு. சாயங்காலம் கழற்றப்போவதற்கு எட்டு எதற்கு? இன்ஸ்பெக்டர் கையால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவார். அதற்கு நாலு போதும்.

நேற்று டிரைவர் வேடியப்பனின் டிரெய்லருக்கும் நாலுதான் போட்டாள். எஃப்.சி. முடிந்தது. சாயங்காலம் கொண்டுவந்து கழற்றிக் கொடுத்திருக்க வேண்டியவன் ஆளையே காணோம். போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. கிரானைட் கல் ஏற்றிப் பெங்களூருக்குக் கிளம்புகிறான் என்பது அவளுக்குத் தெரியும். கல் ஏற்றினால் எடை போட்டாக வேண்டும். எடை மேடை செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி.

ஸ்பேனர் இரண்டு, மிச்ச போல்ட் கிடக்கும் பால்பவுடர் டப்பா, எல்லாவற்றையும் பையில் போட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் மாட்டினாள். பட்டறையைச் சாத்தக்கூட இல்லை. கிளம்பிவிட்டாள்.

2007-ஆம் வருஷத்துப் பங்குனி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஆசிரமத்து வாசலில் ஆட்டோக்கள் வரிசை கட்டி நின்றன. வாடகை சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரி நடுரோட்டில் ஆடி ஆடிப் போனாள். ஹாரன் அடித்து அவளை ஒதுக்கியபோதுதான் முன்னால் தெரிந்தது, டிரெய்லரின் முதுகு. மேலே இரண்டு பெரிய கல். பக்கவாட்டில் அவளுடைய கார்டு, போன வாரம் அடித்த வெள்ளை பெயிண்ட்டோடு.

"ஏய் வேடியப்பா!"

அவன் காதில் எங்கே விழும்? வலது பக்கமாக முந்தலாம் என்றால் எதிரே பஸ். பின்னாலேயே போனாள். புழுதியும் டீசல் புகையும் முகத்தில் அடித்தன. மணி பன்னிரண்டு. கார்டை ஆட்டோவில் ஏற்றி மைதானத்துக்குப் போக முக்கால் மணி நேரம், கழற்றி மாட்டக் கால் மணி நேரம். இதற்கு மேல் ஒரு நிமிஷமும் இல்லை.

அப்போது டிரெய்லர் மெல்ல வலது பக்கமாக ஒதுங்கியது. இடது பக்கம் ஒரு ஆட்டோ போகுமளவுக்கு வழி திறந்தது.

பார்த்துவிட்டான், வழி விடுகிறான் என்று நினைத்தாள்.

பதினாறு வருஷம் டிரெய்லருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவள். இடது பக்கம் திரும்பப்போகும் நீள வண்டி முதலில் வலது பக்கம்தான் ஒதுங்கும் என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! தூக்கமில்லாத மண்டைக்கு அது எட்டவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி உள்ளே நுழைந்தாள்.

டிரெய்லரின் பாதி நீளம் வந்தபோதுதான் இடது பக்கம் எடை மேடையின் போர்டு கண்ணில் பட்டது.

முன்னால் வண்டியின் தலை இடது பக்கம் திரும்பியது. அவள் பக்கத்தில் இருந்த இரும்புச் சுவர் அவளை நோக்கி வந்தது. பிரேக் பிடித்தாள். ஹேண்டில் கார்டில் மோதி முறுக்கிக்கொண்டது. தோளும் இடுப்பும் குழாயில் சாய்ந்தன. வண்டி அவளை விடாமல் தள்ளிக்கொண்டு போனது. பின்னால் சக்கரங்கள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அவளைத் தேடி வருவதுபோல் ஓரத்தை நோக்கி வந்தன.

ஹேண்டிலை விட்டுக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

'டக்.'

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். போல்ட் அறுகிற சத்தம். குழாய் உள்பக்கமாக வளைந்தது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், கார்டைத் தாங்கும் பட்டையில் ஒரு காலி ஓட்டை. அவள் போடாமல் விட்ட ஓட்டை. அதன் வழியே உள்ளே சுருட்டி வைத்த தூளிக் கயிறு தெரிந்தது.

'டக்.'

இரண்டாவது. இனி இரண்டுதான் பாக்கி.

"யோவ்! நிறுத்துய்யா! பொம்பள மாட்டினுகீறா!"

எடை மேடை முனையில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருந்த காசியம்மாள் கத்தியபடியே ஒரு முழுக் கரும்பை எடுத்து டிரெய்லரின் கண்ணாடியில் வீசினாள். பிரேக் காற்று சீறியது. வண்டி குலுங்கி நின்றது.

பின் சக்கரத்துக்கும் கஸ்தூரியின் குதிகாலுக்கும் நடுவே ஒரு முழம்.

வேடியப்பன் குதித்து ஓடிவந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா... நீயா? சத்தியமா தெரியலக்கா. கண்ணாடியில ஒண்ணுமே தெரியல. இடிச்ச மாதிரிகூட இல்ல."

"உனுக்கு எப்பிடித் தெரியும்," என்றாள் கஸ்தூரி. குரல் யாருடையதோபோல் இருந்தது. "பதினெட்டு சக்கரத்துல ஒண்ணு ஏறி இறங்கினா கல்லுன்னு நெனப்ப."

காசியம்மாள் ஜூஸை அவள் வாயில் வைத்து ஊற்றினாள். "குடி தாயி. இந்தக் கம்பி மட்டும் இல்லைன்னா உன்னை வாரித்தான் எடுத்திருக்கணும். எந்தப் புண்ணியவான் மாட்டினானோ."

வேடியப்பன் கஸ்தூரியைப் பார்த்தான். அவள் ஜூஸ் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரை வைத்துவிட்டு உடம்பைத் தடவிப் பார்த்தாள். தோளில் தோல் உரிந்திருந்தது, எலும்பு எதுவும் முறியவில்லை. பை டிவிஎஸ்ஸின் ஹேண்டிலிலேயே தொங்கியது. அதற்குள் செல்போன் அடித்தது.

வேடியப்பன் தலையைச் சொறிந்தான். "சக்கரவர்த்தி அண்ணனாத்தான் இருக்கும். தப்பு எம்மேலதான்க்கா. நேத்து சாயங்காலமே வந்திருக்கணும். உடம்பு அடிச்சிப்போட்ட மாதிரி இருந்துது, வீட்டுல படுத்துட்டேன். ஸ்பேனரக் குடு, நானே கழட்டித் தரேன்."

அவள் போனை எடுத்தாள்.

"இன்னாமா! இன்ஸ்பெக்டரு கிளம்பற நேரம் ஆயிடுச்சி. கார்டு எங்க?"

"வண்டியில இருக்குண்ணா."

"எந்த வண்டியில?"

"வேடியப்பன் வண்டியில. அங்கயே இருக்கட்டும்."

"அப்போ என் வண்டிக்கு?"

"புதுசு அடிச்சித் தரேன். ரெண்டு நாள் ஆவும்."

"ஒரு நாள் மாட்டிக் கழட்டறதுக்குப் புதுசா? வெயில்ல மண்ட காஞ்சிடுச்சா உனுக்கு?"

"கழட்டறதா இருந்தா வேற பட்டறைக்குப் போங்கண்ணா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே.

மறுமுனையில் ஒரு கெட்ட வார்த்தை. பிறகு இணைப்பு அறுந்தது. பதினோரு டிரெய்லரும் போயிற்று. அதற்காக நெஞ்சு பதறும் என்று காத்திருந்தாள். பதறவில்லை. அந்த நெஞ்சு இன்றைக்குப் பதற வேண்டியதை எல்லாம் பதறித் தீர்த்துவிட்டிருந்தது.

டப்பாவைத் திறந்தாள். உள்ளே எட்டு போல்ட். ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுடுகிற தாரில் துண்டை விரித்து, டிரெய்லருக்கு அடியில் மல்லாந்தாள்.

"அக்கா, இன்னா பண்ற?"

"இந்தக் குழாயைக் கொஞ்சம் நிமித்திப் பிடி."

அறுந்த இரண்டின் துண்டுகளைத் தட்டி எடுத்தாள். அந்த ஓட்டைகளுக்கு இரண்டு, காலியாக விட்ட ஓட்டைகளுக்கு நாலு. ஒவ்வொன்றையும் முழங்கை வலிக்கிற வரைக்கும் முறுக்கினாள். எந்த இன்ஸ்பெக்டருக்கும் அவள் இப்படி முறுக்கியதில்லை.

வேடியப்பன் குழாயைப் பிடித்தபடி முனகினான். "எல்லாத்தயும் போட்டு இறுக்கிட்டா, நான் எங்கக்கா தூங்கறது?"

"மரத்தடியில தூங்கு."

"கல்லு யாரு பாத்துக்கிறது?"

"பத்து டன் கல்ல எவன்டா தோள்ல தூக்கினு போவப்போறான்?"

காசியம்மாள் சிரித்தாள். வேடியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. கஸ்தூரி சிரிக்கவில்லை. படுத்த இடத்திலேயே கண்ணை மூடினால் ஒரு வாரம் தூங்கிவிடுவாள்போல் இருந்தது. தூளியில் இந்த ஆள் ஏன் அப்படிக் கிடக்கிறான் என்பதுகூடப் புரிந்தது. இரும்பின் நிழல் அவ்வளவு குளுமை.

கையை ஊன்றி வெளியே வந்தாள். சேலையில் கிரீஸ்.

"முடிஞ்சிடுச்சா?" என்றான் அவன். "நான் கிளம்பட்டா?"

டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே இரண்டே போல்ட்தான் உருண்டன. வேண்டியது நாலு.

"இரு," என்றாள். "காசியம்மா, இங்க எங்கனா போல்ட் கடை இருக்கா?"

"எடை மேடைக்குப் பின்னால ஒண்ணு இருக்குது."

"வேடியப்பா, ஓடிப்போயி இதே சைசுல ரெண்டு வாங்கியா."

ஒரு போல்ட்டை அவன் கையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டியபடியே டிரெய்லரின் வலது பக்கத்துக்கு நடந்தாள். அங்கேயும் அவள் நாலுதான் போட்டிருந்தாள்.