சேர்மன் சகலையும் எங்கள் தெரு அடிபம்பும்

மாதா மாதம் ஒரு ரோஸ் காகிதம் வரும். 'நகராட்சிச் செய்திகள்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பியூன் ஜேம்ஸ் சைக்கிளில் வந்து வீட்டுக்கு வீடு கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்தக் காகிதத்தில் மட்டும் ஒரு வரி விடமாட்டேன்.

'சேர்மன் திரு. நாகப்பன் அவர்கள் பதினோராவது வார்டில் கால்வாய் தூர்வாரும் பணியைப் பார்வையிட்டார். கண் சிகிச்சை முகாமைத் தொடங்கி வைத்தார். கொசுப்புகை வண்டியைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார்.'

கொசுவை விரட்டுவதற்குக் கூட ஒரு கொடி.

அந்தத் திருவாளர் நாகப்பன் எனக்குச் சகலை. நான் கட்டினது பேபியை. அவன் கட்டினது அவள் தங்கை பொன்னியம்மாவை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த வார்ப்பு கம்பெனியில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். சேர்ந்த முதல் வாரம் இரும்புக் குழம்பு தெறித்து அவன் கால் வெந்துபோனது. என் சைக்கிளில் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அப்புறம் அவனுக்கு யூனியன் வந்தது, கட்சி வந்தது, தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தது. ஜெயித்துவிட்டான். முன்பெல்லாம் அவனை 'வேம்புலியோட சகலை' என்று காட்டுவார்கள். இப்போது என்னைக் காட்டி 'சேர்மனோட சகலை' என்கிறார்கள். எங்கள் நகராட்சியின் பேரை நான் சொல்லப் போவதில்லை. எஸ்டேட்டுக்கு மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

ஒரு மாதம் அந்தக் காகிதத்தில், ஏழாவது வார்டில் ஒன்பது டியூப் லைட் புதிதாகப் போட்டதாக இருந்தது. பொய்யாகத்தான் இருக்கும் என்று பொழுது சாய்ந்ததும் நடந்தே போய் எண்ணினேன். ஒன்பதும் எரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரைத் தெருவின் அடிபம்பு. பஞ்சாயத்தாக இருந்த காலத்தில் அதைப் போட்டார்கள். ரிப்பேருக்கு ஆள் வராது. கம்பெனியில் போல்ட்டு முடுக்குகிற ரிஞ்சு பிடித்தவன் என்று என்னிடம்தான் வருவார்கள். தோல் வாஷரை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டுவது, போல்ட்டு தேய்ந்தால் மாற்றுவது, காலையில் குடம் வரிசையைப் பார்ப்பது எல்லாம் நான்தான். யாராவது வரிசையில் குடத்துக்குப் பதிலாகக் கல்லை வைத்துவிட்டுப் போய்விட்டால், அந்தக் கல் செல்லுமா செல்லாதா என்று நான்தான் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷம் அந்தத் தெருவில் என் வார்த்தை இல்லாமல் ஒரு குடம் நிரம்பினதில்லை.

மாசி மாதத்துக் காகிதத்தில் அந்த வரி வந்தது. 'ஏரிக்கரைத் தெருவில் பழைய அடிபம்பு அகற்றப்பட்டு, மின்மோட்டாருடன் குடிநீர்த் தொட்டி அமைக்கப்படும்.' இரண்டு தரம் கூட்டிப் படித்தேன். அகற்றப்பட்டு. என் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னானா? பொன்னியம்மாவை விட்டாவது சொல்லச் சொன்னானா? பியூனிடம் காகிதம் கொடுத்து அனுப்புகிறான், எல்லாருக்கும் மாதிரி எனக்கும்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்த அன்றைக்குப் பம்பின் சிமெண்டு மேடையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா பெருசு, எழுந்துரு. வேல கீது" என்றான் மேஸ்திரி.

"சேர்மன வரச்சொல்லு."

பொம்பிளைகள் கூடிவிட்டார்கள். எனக்காகப் பேசுவார்கள் என்று நினைத்தேன். எதிர்வீட்டு ஜமீலாதான் முதலில் ஆரம்பித்தாள். "நைனா, கோச்சுக்காத. இத்த அடிச்சு அடிச்சு எனுக்குத் தோள்பட்டையே உட்டுப்போச்சு. டேங்கு வரட்டுமே."

"வரும். நாலு நாளு ஓடும். அப்பால மோட்டாரு பூடும். அப்ப யார்ட்ட போவே?"

தாயம்மாளுக்கு வாய் நீளம். "இந்தப் பம்பு இன்னா உன் பேருக்கு பட்டா ஆயிகீதா? மாமியா ஊட்டு சீதனமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பேபியும் சிரித்தாள். அதைப் பார்த்தேன்.

ஜீப் வந்தது. நாகப்பன் இறங்கினான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கம்பெனியில் சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டவன் இவன்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கூட இன்ஜினியர்.

"இன்னா சகலை, வெயில்ல குந்திகினு கீறே?"

"பம்ப புடுங்க உடமாட்டேன்."

"ஏன்?"

"மோட்டார நம்பி இருக்கறத ஏண்டா புடுங்கணும்? கரண்டு போனா ஜனம் எங்க போவும்? உன் ஜீப்ப புழிஞ்சு தண்ணி புடிக்குமா?"

பெரிய சண்டை வரும், நாலு வார்த்தை அவனும் பேசுவான், பழசையெல்லாம் இழுத்து விடலாம் என்று தயாராக இருந்தேன். அவன் தலையைச் சொறிந்தான். இன்ஜினியரிடம் திரும்பினான். "சார், டேங்க நாலடி தள்ளி வெச்சா ஆவாதா?"

"ஆகும் சார்."

"அப்ப பம்பு அப்டியே கெடக்கட்டும். சகலை சொல்றதுல ஞாயம் கீது."

அவ்வளவுதான். சண்டைக்குப் போனவனுக்கு இலை போட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஜெயித்தது நான். கைதட்டினது அவனுக்கு.

பங்குனியில் டேங்கைத் திறந்தான். கறுப்பு டேங்கு, நாலு குழாய். திருகினால் கொட்டுகிறது. மறுநாள் காலையில் வழக்கம்போல ரிஞ்சோடு பம்படிக்குப் போய் நின்றேன். ஒரு குடம் கூட வரவில்லை. டேங்குப் பக்கம் பொம்பிளைகள் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையே கிடையாது. சண்டையே கிடையாது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்காமல் விட்டால் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும். அதனால் தினம் நானே நூறு அடி அடித்து, வந்த தண்ணீரைச் சாக்கடையில் விட்டேன். என் வீட்டுக்கு அந்தத் தண்ணீர்தான் என்று பேபியிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள். பம்புத் தண்ணீர் எப்போதும் லேசாக உப்புக் கரிக்கும். ஆனால் ஒரு நாள் காபி குடிக்கும்போது கரிக்கவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு வைத்தேன்.

சித்திரை மாதத்துக் காகிதம் வந்தது. நான்காவது வரி. 'பொதுமக்கள் நலன் கருதி, ஏரிக்கரைத் தெருவின் பழைய அடிபம்பை அகற்றாமல் பாதுகாக்கச் சேர்மன் அவர்கள் உத்தரவிட்டார்.'

வெயிலில் உட்கார்ந்தது நான். தாயம்மாளிடம் பேச்சு வாங்கினது நான். பாதுகாத்தது அவனாம்!

மறுநாள் விடிந்ததும் ரிஞ்சை எடுத்தேன். பம்பின் தலையைக் கழற்றினேன். பதினெட்டு வருஷத் துரு. முனகிக்கொண்டே திரும்பியது. பேபி ஓடிவந்தாள்.

"யோவ், இன்னா காரியம் பண்றே? அது உன்ன இன்னா பண்ணுச்சு?"

"அவன் பாதுகாக்கற பம்பு இந்தத் தெருவுல வேணாம்."

"உனக்குப் பைத்தியம்தான் புடிச்சிகீது."

கோணியில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டி நகராட்சி ஆபீசுக்கு மிதித்தேன். நாகப்பன் இல்லை, பூந்தமல்லியில் ஏதோ கூட்டமாம். ஸ்டோர் கிளார்க் திருவேங்கடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"உங்க சொத்து. வெச்சுக்கோங்க. வேம்புலி ஒப்படைச்சான்னு எழுதிக்கோங்க."

"யார் கழட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதான் கழட்டினேன்."

எழுதிக்கொண்டார். உள்ளே வைத்துப் பூட்டினார். திரும்பி வரும்போது சைக்கிள் லேசாக இருந்தது. தெருவில் வெறும் பைப்பு மட்டும் மொட்டையாக நின்றது. ஓணான் கீணான் விழாமல் இருக்க ஒரு துணியைச் சுருட்டி அதன் வாயை அடைத்தேன்.

ஐந்தாம் நாள் டேங்கு மோட்டார் எரிந்து போனது. வோல்டேஜ் குறைவாம். நான் சொன்னேனா இல்லையா? நாலு நாள் என்றேன், நாற்பது நாள் ஓடியது. ஆனாலும் சொன்னது நடந்தது. சொன்னவன் சந்தோஷப்பட முடியாமல் போனது அன்றைக்குத்தான். சித்திரை வெயில். குழாயைத் திருகினால் காற்று வந்தது. பொம்பிளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நைனா, பம்பு தல எங்க?" என்றாள் ஜமீலா.

பேபி சொன்னாள். "ஆபீசுல கீது. தூக்கிகினு போயி வெச்சிட்டு வந்துகீறாரு, மகராசன்."

தாயம்மாள் வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரயில்வே லைன் பக்கம் நடந்தாள். லைனைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் ஒரு கிணறு உண்டு. எல்லாரும் அவள் பின்னால் போனார்கள். பேபிக்கு முட்டி வலி. ஒரு காலை இழுத்துக்கொண்டு கடைசியில் போனாள். திரும்பிப் பார்த்து என்னிடம் சொன்னாள்:

"உன் பொறாமைய கொதிக்க வெச்சா கொழம்பாவுமாயா? போயி வாங்கிகினு வா."

ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு நிறைய ஜனம். ரேஷன் கார்டுக்கு ஒருத்தர், சாக்கடைக்கு ஒருத்தர், விதவைப் பென்ஷனுக்கு ஒரு கிழவி. ஜேம்ஸ் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, நீங்க நேரா உள்ள போலாமே" என்றான். மாட்டேன் என்று பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தேன். உள்ளே போனவர்கள் ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். காரியம் ஆனவர்களும் சிரித்தார்கள், ஆகாதவர்களும் சிரித்தார்கள். அந்தக் கிழவி என் பக்கம் குனிந்து, "குந்த வெச்சுக் கேட்டான்பா என் கதய" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

என் முறை வந்தது. நாகப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"சகலை, நீ ஏன் க்யூவுல? மோட்டார் ஆளுக்கு சொல்லி அனுப்பிட்டேன், ரெண்டு நாளாவும். இன்னா சமாச்சாரம்?"

அவனுக்குத் தெரியும். திருவேங்கடம் சொல்லாமல் இருந்திருப்பாரா? தெரிந்துகொண்டே கேட்கிறான்.

"பம்பு தல" என்றேன்.

"எடுத்துகினு போ. ஒரு வார்த்த கேளு, போதும். மனுவெல்லாம் எதுக்கு நம்மளுக்குள்ள?"

ஒரு வார்த்தை. அதுதான் என் வாயில் வரவில்லை. கேட்பதைவிட எழுதுவது மேல் என்று தோன்றியது.

"பேப்பர் குடு."

அவன் மேசையிலேயே, அவன் பேனாவாலேயே எழுதினேன். 'சேர்மனுக்கு. ஏரிக்கரைத் தெருவில் தண்ணீர் இல்லை. அடிபம்பு வேண்டும். வேம்புலி.' எழுதி முடிக்க நேரமாயிற்று. வெளியே ஜனம் காத்திருந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. படித்தான். சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான். சிரித்திருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வா, ஜீப்புலயே போலாம்" என்றான். பம்பு தலையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்தான். என் சைக்கிளைப் பின்னால் தூக்கிப் போட்டார்கள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. கிணற்றுக்குப் போனவர்கள் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. நாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைப்பைப் பிடித்தான், நான் அடைத்த துணியை உருவிவிட்டுத் தலையை மாட்டித் திருகினேன். பிடிக்கிற பிடி கம்பெனிப் பிடிதான், மறக்கவில்லை. வாஷர் காய்ந்து அப்பளமாகி இருந்தது. எண்ணெய் தடவினேன். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடிக்க ஆரம்பித்தேன். புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. இன்னொரு சொம்பு. முப்பது அடி. ஐம்பது அடி. பொம்பிளைகள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். எண்பதாவது அடியில் தோள் மரத்துப்போனது. கண் இருட்டியது.

"கொஞ்சம் நவுரு சகலை" என்று நாகப்பன் கைப்பிடியை வாங்கினான்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது அடிக்குச் செம்மண் கலங்கலாக வந்தது. அடுத்த அடிக்குத் தெளிவாகக் கொட்டியது.

"பாத்தியாடி, சேர்மன் கை பட்டதும் எப்டி ஊத்துது!" என்று தாயம்மாள் கத்தினாள். "கை ராசிக்காரன்யா நம்ம ஆளு!"

"சகலை அடிச்சதும்மா. நான் சும்மா கடசீல..." என்றான் நாகப்பன். அவன் சொன்னது தண்ணீர்ச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்றுதான் பேசியிருப்பார்கள். அவன் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண்.

கைப்பிடியை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"தாயம்மா, குடத்த நேரா வையி. ஜமீலா அந்தாண்ட நில்லு. பேபிக்குக் காலு வலி, அவ குடம் மொதல்ல வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன்.