முள்தலைப் புழுவும் ஒராமீன் கூழும்

பவதாரணி ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வரத் தொடங்கிய நாட்களில், மீன் வேண்டாம், மீன்குடல்தான் வேண்டும் என்று அவள் கேட்பதைக் கேட்டு அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சரவணையில் பிறந்து காரைநகரில் கலியாணம் முடித்தவள். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரா மீனின் குடலுக்குள் வாழும் முள்தலைப் புழுதான் அவளுடைய ஆராய்ச்சிப் பொருள். அந்தப் புழுவுக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. தலையில் சின்னத் தும்பிக்கை போல ஒரு குழல், அதைச் சுற்றி வளைந்த முட்கள். அந்த முட்களை மீனின் குடற்சுவரில் கொளுவிக்கொண்டு, மீன் தின்று செமித்ததைத் தன் தோலாலேயே உறிஞ்சிச் சீவித்துவிடும்.

மீன் வெட்டும் ஜசிந்தாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. குடல்களைத் தனியாக ஒரு வாளியில் சேர்த்து வைப்பாள். போகும்போது நல்ல மீனாகப் பார்த்து இரண்டு மூன்றை எடுத்து நீட்டுவாள். பவதாரணி ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்லி மறுத்துவிடுவாள். வீட்டில் சமைத்தாயிற்று என்பாள். இன்றைக்கு விரதம் என்பாள். உண்மை வேறு. அவள் பிறந்ததிலிருந்தே சைவம். மீன்பிடித்துச் சீவிக்கிற மனிதர்களிடம் போய் அதைச் சொன்னால், பெருமை பேசுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்தாள்.

ஒருநாள் காலையில் அவள் வந்தபோது துறையில் ஆட்கள் குறைவாக இருந்தார்கள். கூறு போட்ட மீன் அப்படியே கிடந்தது. ஜசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னக்கா, வியாபாரம் இல்லையோ?"

"ஆர் வாங்குவினம்? முள்ளுப் புழு மீன் எண்டு வேலணை வரைக்கும் கதை போயிட்டுது."

"புழு குடலுக்கைதானே அக்கா இருக்கு. குடலை நாங்கள் எறியிறம். சதையிலை அது இருக்காது."

"அதை நானும் சொல்லிப்போட்டன் பிள்ளை. அப்ப ஏன் அந்தப் படிச்ச பிள்ளை ஒரு மீனும் கொண்டு போறேல்லை எண்டு கேக்கினம். புழுவை அறிஞ்சவளே தொடுறேல்லை எண்டால் நாங்கள் என்னெண்டு தின்னுறது எண்டுதான் கதை. நானும் எத்தினை தரம் நீட்டினனான்."

பவதாரணிக்கு முகம் வெளிறிவிட்டது. குடலுக்குள் இருக்கும் புழுவைவிடத் தன் சாட்டுகள்தான் இந்த வியாபாரத்தைக் கெடுத்திருக்கின்றன என்பது விளங்கியது. அவள் ஜசிந்தாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, நான் சைவம். மீன் மச்சம் ஒண்டும் வாயிலை வைச்சதேயில்லை. உங்களிட்டைச் சொல்லப் பயமாக் கிடந்தது."

ஜசிந்தா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினாள்.

"சைவக்காரி வந்து மீன்குடலுக்கை கையை விட்டுக்கொண்டு நிக்கிறீர். இதை முதலே சொல்லியிருந்தால் நான் கத்தரிக்காயெண்டாலும் தந்திருப்பன்."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவளுடைய கணவன் சவிரிமுத்துவும் சிரித்தார். ஆனால் அவருக்குக் கவலை தீரவில்லை. "இப்ப போய்ச் சைவமெண்டு சொன்னாலும் அதுவும் ஒரு சாட்டெண்டுதான் சொல்லுவினம்," என்றார்.

பவதாரணி யோசித்தாள். "என்ரை மனுசன் நல்லா மீன் சாப்பிடுவார்," என்றாள்.

அவள் கணவன் ரஜீபன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவன். வீட்டில் மரக்கறிதான். மீன் ஆசை வந்தால் தாயின் வீட்டுக்குப் போய்விடுவான். அன்று பின்னேரம் அவள் விசயத்தைச் சொன்னதும் அவன் கேட்டான்: "புழு இருந்த மீனோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலை."

"நீர் பாத்துத்தானே தருவீர்?"

"நானே பாத்துத்தான் தருவன்."

"அப்ப வாறன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு துறையில் சனம் கூடிவிட்டது. ஜசிந்தா பெரிய ஒராவாகப் பார்த்து வெட்டிக் குடலைப் பவதாரணியின் கையில் கொடுத்தாள். அவள் குடலைப் பிளந்து, நூல்போல வெள்ளையாக ஒட்டிக்கிடந்த ஒன்றை மெதுவாக விடுவித்துக் கோப்பைத் தண்ணீரில் விட்டாள். சற்றுநேரத்தில் அதன் தலைக்குழல் வெளியே நீண்டது. உருப்பெருக்குக் கண்ணாடியைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் பார்த்தார்கள்.

"உதுக்கு வாயே இல்லையோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லை அம்மா. மீன்ரை குடலை விட்டால் அதுக்குச் சீவியமும் இல்லை. இந்த மீன்தான் இப்ப பானைக்குள்ளை போகுது."

பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் மீனுமாகக் கூழ் கொதித்தது. ரஜீபன் பனையோலைப் பிளாவில் வாங்கி ஊதி ஊதிக் குடித்தான். நெற்றி வேர்த்தது. பிளாவை மறுபடி நீட்டினான்.

"கட்டின மனுசனுக்கே குடுக்கிறாள். பயமில்லைப்போலை," என்றார் வேலணையிலிருந்து வந்த ஒருவர்.

"மனுசனிலை என்ன கோவமோ ஆருக்குத் தெரியும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கோவத்திலை தந்தால் இவ்வளவு ருசியா இருக்காது," என்றான் ரஜீபன். துறை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு நாலைந்து பேர் பிளாவுக்குக் கை நீட்டினார்கள். மற்றவர்கள் மீன் கூறுகளைக் குனிந்து பார்த்து விலை பேசத் தொடங்கினார்கள். மத்தியானத்துக்கு முன் சவிரிமுத்துவின் மீன் எல்லாம் விற்றுப்போயிற்று.

ஜசிந்தா ஒரு சின்னச் சட்டியோடு வந்தாள். "இது உமக்கு. மீன் போடேல்லை, அந்த அகப்பையும் படேல்லை. பயப்பிடாமல் குடியும்."

பவதாரணி வாங்கிக் குடித்தாள். உறைப்பும் புளிப்புமாகத் தொண்டையில் இறங்கியது. ஜசிந்தா அவளுக்கு அருகில் அமர்ந்து தன் பங்கைக் குடித்தாள்.

காரைநகருக்குத் திரும்பும் பாதைப் படகில் காற்று நன்றாக அடித்தது. மடியில் குடல் போத்தல்களை வைத்தபடி அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரஜீபன் அரைக்கண் மூடி அவள் தோளில் சாய்ந்திருந்தான்.

"இஞ்சை பாரும்," என்றான். "நண்டுக்குள்ளை ஏதும் புழு இருக்கோ எண்டு ஒருக்கா ஆராய்ஞ்சு பாருமன்."