வைக்காமல் விட்ட அட்டை

பாங்காக் பக்கம் நக்கோன் பாத்தோமில் சண்டை மீன் வளர்க்கிற யாரிடமாவது சாய்பின் என்று சொல்லிப் பாருங்கள். "அந்த அக்காவா? மீனைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்குமே" என்பார்கள். முன்னெல்லாம் அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. இப்போது உடம்பு கூசுகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக இதில் ஒன்றும் இருக்காது.

என் கொட்டகையில் ஆயிரம் பாட்டில்களுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் காலியான சப்பைச் சாராய பாட்டில்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டி வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண் மீன். இரண்டு பாட்டிலுக்கு நடுவில் ஓர் அட்டை. அட்டை இல்லாவிட்டால் பக்கத்து பாட்டில்காரனைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டே இருப்பான். ஒரேயடியாக மறைத்து வைத்தாலும் சோம்பேறியாகிவிடுவான், வால் சுருங்கிக் கிடக்கும். அதனால் காலையில் ஐந்து நிமிஷம் அட்டையை உருவ வேண்டும். இரண்டு பேரும் துடுப்பை விரித்து ஒருவரையொருவர் மிரட்டிக்கொள்வார்கள். ஐந்து நிமிஷம் ஆனதும் அட்டையைத் திரும்பச் செருகிவிட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இது.

லம்யாய் பதினோரு வருஷமாக என்னிடம் பாட்டில் கழுவுகிறாள். வாய் திறக்க மாட்டாள். முதுகு கோணல் என்று நான் கழித்துப் போட்ட ஒரு ஜோடியை மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். குழம்பு வைக்கப் போகிறாயா என்று கேலி செய்தேன். அந்த ஜோடியின் பேரன் ஒருவனை இந்த வருஷம் பாட்டிலில் போட்டு எடுத்து வந்து காட்டினாள். பால் வெள்ளை. அட்டையை உருவினதும் வாலை விரித்தான் பாருங்கள், பாதி நிலா முழுசாக நின்றது. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. என் கொட்டகையில் அப்படி ஒருவன் அன்று இல்லை.

வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அவனையே பேசினார்கள். "என்ன இருந்தாலும் என் கையில இருந்து போன ரத்தம்தானே" என்று நான் சொல்லிக்கொண்டேன். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். பெருமை ஒன்றும் இல்லை, வயிற்றெரிச்சல்.

மாவட்டப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது லம்யாயின் மகன் பிக்குவாகத் துறவு ஏற்றான். மழைக்காலம் மூன்று மாதம் மடத்தில் இருப்பதாக வேண்டுதல். சடங்கு சுபான்பூரியில், அவள் பிறந்த ஊர்க் கோயிலில். ஆறு நாள் அங்கே இருக்க வேண்டும். வெள்ளையனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். போட்டியில் அவள் பேர் ஏறப் போவது அதுதான் முதல் தடவை. பாட்டில் கழுவுகிறவள் என்று இல்லாமல் வளர்ப்பவள் என்று ஒரு தாளில் எழுதப்படும். அதற்காகப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தாள்.

"வீட்ல வச்சா பசங்க கைய விடுவாங்க அக்கா. உங்ககிட்ட இருந்தா கோயில்ல நான் நிம்மதியா கண்ண மூடிக் கும்பிடுவேன்" என்றாள்.

"வச்சுட்டுப் போடி. நான் பாக்காத மீனா?" என்றேன்.

இரண்டாம் நாள் காலை பிரசித் வந்தான். பாங்காக்கில் மீன் விற்கிறவன். போனில் படம் பிடித்துப் போட்டால் ஊர் உலகம் எல்லாம் பார்க்கும். போட்டிக்கு நான் வைத்திருந்த நீலனை எடுக்கத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தேன். நீலனை லம்யாயின் வெள்ளையனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது நான்தான். அவனை வைக்க வேறு இடமா இல்லை? பக்கத்தில் வைத்தால் என்னுடையவன் எடுப்பாகத் தெரிவான் என்று ஒரு நப்பாசை. அட்டையை உருவினேன். இருவரும் விரித்தார்கள். பிரசித்தின் போன் என் நீலன் மேல் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு மெல்ல வெள்ளையன் பக்கம் நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. போதும் வா, நூடுல்ஸ் ஆறிப்போகும் என்று அவனை இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக் கடைக்குப் போய்விட்டேன். அட்டை கொட்டகை மேசை மேலேயே கிடந்தது. மறந்துவிட்டேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள் மறக்காதவள் அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தேன்? 

திரும்பி வந்தபோது மத்தியானம். நாலு மணி நேரம் அந்த வெக்கையில் இரண்டு பேரும் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் நீலன் களைத்து அடியில் கிடந்தான், மற்றபடி ஒன்றுமில்லை. வெள்ளையன் வால் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. எதிரியை எட்ட முடியாத கோபத்தில் தன் வாலைத் தானே கடித்து ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்துவிட்டிருந்தான். இப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

என்ன வைத்தியம் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? அட்டையை வைத்தேன். சுத்தத் தண்ணீரில் காய்ந்த வாதாம் இலையை ஊறவைத்து, டீ நிறம் வந்ததும் ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டு அதில் விட்டேன். நிழலுக்கு மாற்றினேன். இரையைப் பாதியாகக் குறைத்தேன், தினமும் தண்ணீரைக் கொஞ்சம் மாற்றினேன். கிழிந்த இடம் அழுகாமல் இருந்தால் கண்ணாடி மாதிரி புதுச் சவ்வு முளைக்கும், பொறுமை வேண்டும், மூன்று வாரம் ஆகும். ஊரில் எல்லாருக்கும் இதை வாய் கிழியச் சொல்லியிருக்கிறேன். போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

லம்யாய்க்கு ஒரு போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். "அட்டைய வைக்காம விட்டுட்டேன்டி, மன்னிச்சுக்கோ." அவ்வளவுதான். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். பாட்டில் கழுவுகிறவளின் மீனுக்குச் சாய்பின் அட்டை வைக்க மறந்தாள் என்று ஊர் பேசுமே என்று இருந்தது.

அவள் வருவதற்கு முதல் நாள், கிழிசல்கள் ஒட்டியிருந்தன. ஓரத்தில் பிய்ந்த இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. தண்ணீரில் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டு அவனை மயங்க வைத்தேன். ஈரத்துணியில் கிடத்தி, சவர பிளேடால் வால் ஓரம் முழுவதையும் ஒரே வளைவாகச் சீவினேன். போட்டி மீனைச் சீவுவது எங்கள் தொழிலில் திருட்டுக்குச் சமம். அவளுக்காகத்தான் செய்கிறேன், பாவம், போட்டிக்குப் போகாமல் போய்விடுமே என்று சொல்லிக்கொண்டே சீவினேன்.  

லம்யாய் வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். கொஞ்சம் சிறுத்துவிட்டானோ என்று கேட்டாள். வெயில், தண்ணீர் சூடு, அதனால் இலைத் தண்ணீரில் விட்டேன் என்று அடுக்கினேன். தனித்தனியாக எடுத்தால் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை, அதுதான் கேவலம். அவள் நெற்றிக்குக் கை உயர்த்திக் கும்பிட்டாள், கோயில் பிரசாதம் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

போட்டி ஒரு பெரிய கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. நடுவர் விசுத், பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் சின்ன டார்ச்சோடு ஒவ்வொரு தொட்டியாக வந்தார். வெள்ளையன் முன்னால் வந்து குனிந்தவர் நிமிரவே இல்லை. வால் நரம்புகள் நுனியில் கிளை பிரிய வேண்டும். வெட்டினால் மொட்டையாக நிற்கும். நான் அதை அறியாதவளா? டார்ச் வெளிச்சத்தில் அவருக்குத் தப்பாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். திருடனுக்கு எப்போதும் கண் மறைத்துவிடும்.

"இது யாரோட மீன்?" என்று கேட்டார். புதுச் சட்டையில் லம்யாய் முன்னால் வந்தாள். எழுதியிருந்த பேரைப் பார்த்துவிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்டார். "வால வெட்டினது நீங்களா?"

அவள் மீனைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் அது விளங்கியது. வாயைத் திற, சாய்பின், வாயைத் திற என்று உள்ளே அடித்துக்கொண்டது. 

"ஆமாங்கய்யா. நான்தான்" என்றாள் லம்யாய்.

தொட்டியில் மஞ்சள் சீட்டு ஒட்டினார்கள். ஒரு வருஷம் எந்தப் போட்டிக்கும் வரக்கூடாது என்று எழுதினார்கள். பின்னால் யாரோ பாட்டில் கழுவுகிறவளுக்குப் பரிசு ஆசை பார் என்றார்கள். அந்தப் பிரிவில் என் நீலனுக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடை ஏறிக் கோப்பையை வாங்கினேன். சிரித்தும் வைத்தேன், போட்டோ இருக்கிறது.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் அவள், மடியில் பாட்டில். அழவில்லை. பாதி வழியில் மெல்லக் கேட்டாள்.

"வெட்டுறப்ப கிராம்பு எண்ணெய் விட்டீங்களா அக்கா? அவனுக்கு வலிச்சிருக்குமா?"

"விட்டேன்" என்றேன். "மயங்கித்தான் கிடந்தான்."

"சரி" என்றாள்.  ஏன்டி உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று நான்தான் கேட்டேன். "மீன் வளக்கக் கத்துக்கிட்டதே உங்க கொட்டகையில. அத்தனை பேர் நடுவுல உங்களக் காட்டிக் குடுக்க எனக்கு வாய் வரல" என்றாள்.

அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினேன். போட்டி நடந்த இடத்தில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். லம்யாய் வண்டியிலேயே இருந்துகொண்டாள். விசுத்தின் முன்னால் கோப்பையை வைத்து, வெட்டியது நான் என்று சொன்னேன். அட்டை, நாலு மணி நேரம், பிளேடு, எல்லாம் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். விசுத் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசு யாருக்கு வரும் சாய்பின். வேலைக்காரப் பொண்ணக் காப்பாத்த உங்க பேரையே குடுக்குறீங்களே" என்றார்.

இல்லை ஐயா, சத்தியமாக நான்தான் என்றேன். சத்தியம் செய்யச் செய்ய அவர்கள் முகம் இன்னும் இளகியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். கோப்பையை என் கையிலேயே திரும்ப வைத்து அழுத்தினார்கள். உங்களுக்காக வேண்டுமானால் அவள் தண்டனையை ஆறு மாதமாகக் குறைக்கிறோம் என்றார்கள். முப்பது வருஷமாகச் சேர்த்த நல்ல பேர், ஒரு நாள் உண்மையைச் சொல்லப் போனால் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. போகிற வழியில் லம்யாயிடம் இதைச் சொன்னேன். "விடுங்க அக்கா" என்றாள்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள், பாட்டில் கழுவினாள். வெள்ளையனுக்கு இரண்டு மாதத்தில் வால் முழுசாக முளைத்துவிட்டது. வெட்டின இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் கோடு நின்றுவிட்டது. பார்க்கிறவர்களிடம் அது நான் வெட்டினது என்று சொல்கிறேன். அடக்கத்தைப் பாருங்கள் என்கிறார்கள். கோப்பையை அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

மழைக்காலம் முடிந்தது. மகன் காவி களைகிற நாள் வந்ததும் லம்யாய் நாலு நாள் லீவு கேட்டாள். தாராளமாகப் போ என்றேன். பிறகு, கேட்க எனக்கு என்ன தகுதி என்று தெரிந்தும், கேட்டுவிட்டேன்.

"வெள்ளையன இங்க விட்டுட்டுப் போறியா? நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்கு அக்கா சிரமம்" என்றாள் மரியாதையாக, சிரித்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் சுபான்பூரி பஸ்ஸில் அவள் ஏறுவதைக் கடைத்தெருவில் இருந்து பார்த்தேன். துணி மூட்டையை மேலே போட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து அவன் சிலிர்க்காமல் இருக்க, பாட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகினாள்.