தோற்றுப்போன துண்டு

"அப்பா, கொடியில காஞ்ச துண்டு மட்டும் ஏன் அட்டை மாதிரி விறைப்பா இருக்கு?"

மகள் சின்ன வயதில் இதைக் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். கேள்வியில் மாட்டிக்கொண்டவர் அவள் அப்பா, சலவைக்கடைக்காரர். சோப்பு சரியாகப் போகாததுதான் காரணம் என்றார்கள் எல்லாரும். அவருக்கோ, காய்ந்த துண்டுக்குள்ளும் துளி ஈரம் ஒளிந்துகொண்டு நூலோடு நூலை ஒட்டவைக்கிறது என்று பட்டது. ஈரம் போய் விறைப்பாக்குமா என்று சிரித்தார்கள்.

விஷயம் தெரிந்த ஒருவராவது காது கொடுக்கமாட்டாரா என்று அவருக்கு ஏக்கம். பக்கத்து ஆய்வுக்கூடத்துப் பெண் தன் வெள்ளை அங்கிகளை அவரிடம்தான் வெளுக்கப் போடுவார். விஞ்ஞானமே தப்பு என்று இவர் தொடங்கினால் அரைமணிக்கு ஓயமாட்டார். நாளடைவில் அங்கிகளை அந்தப் பெண்ணின் கணவர் தூக்கிவர ஆரம்பித்தார்.

"அந்த மனுஷனையாவது விட்டுவைங்க," என்றாள் சலவைக்கடைக்காரரின் மனைவி, சட்டை மடித்தபடி. "நீங்க சொல்றது தப்பா இருந்தா எப்படிங்க தெரியும்? அதைச் சொல்லுங்க, நானே உக்காந்து கேக்குறேன்."

சுருக்கென்று தைத்தது. கைத்துண்டுகளைச் சோப்பில்லாமல் அலசிக் கொடியில் போட்டார். அப்படியும் விறைத்தன. பிறகு துணி காயவைக்கும் சூடான அலமாரியில் வைத்து ஈரத்தை அடியோடு விரட்டினார். இவர் சொன்னது சரியென்றால் எல்லாமே மெத்தென்று ஆகவேண்டும். ஆயின, ஒரு நீலத்துண்டைத் தவிர. அதைக் கந்தல் கூடையில் போடக் கை போனது. சாமி படம் எதிரே இருந்தது. கூசிப்போய், அந்த நீலத்தையே துண்டு மூட்டையின் மேலாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆய்வுக்கூட வாசலில் அந்தப் பெண் இவரைக் கண்டதும் நழுவப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் மேடம். மேல இருக்கிற துண்டு நான் சொன்னதுக்கு எதிரா நிக்குது. ஏன்னு எனக்குத் தெரியல."

அவர் நின்றார். துண்டை முறுக்கிப் பார்த்தார்.

"எல்லாரும் ஜெயிச்சதை மட்டும்தான் அண்ணா கொண்டு வருவாங்க," என்றார். ஏதோ யோசனையில் நீலத்துண்டை அங்கிப் பையில் திணித்தார். பையின் தையல் பிரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மிச்ச மூட்டையையும் வாங்கிக்கொண்டார்.

சில வாரம் கழித்து அங்கிகளோடு அவரே கடைக்கு வந்தார். நீலத்தில் ஏறியிருந்த சாயம் வேறு ரகமாம், விறைப்பு அதனால். மற்றதில் இவர் சொன்னதற்கு இடமிருக்கிறதாம், கூடத்தில் எல்லாரும் சேர்ந்து முறையாகச் சோதிக்கப் போகிறார்களாம். சலவைக்கடைக்காரருக்கு அதுவே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. காது கொடுப்பவர்களைக் கடவுள் அங்கங்கே வைத்துத்தான் இருக்கிறார்.

விடுமுறை நாள். வீட்டில் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். பையில் தையல் பிரிந்திருந்த அங்கியை எடுத்து, ஊசியில் வெள்ளை நூல் கோத்து, நெருக்கமாகத் தைத்தார். தைத்த இடம் தெரியாதபடி தேய்த்து, மற்ற அங்கிகளுக்கு நடுவே செருகிவைத்தார்.