கட்டைவிரல்

டிப்போவில் அந்த பஸ் டிரைவருக்கு 'பார்லி' என்றே பெயர். "பீர் என்ன சாராயமா? பார்லித் தண்ணிப்பா, கிட்னியைக் கழுவி விடும்" என்று வாய்க்கு வாய் சொல்லித் திரிந்த மனிதர். கிட்னியைக் கழுவியதோ என்னவோ, வலது கால் கட்டைவிரலில் கொண்டுபோய் நெருப்பை வைத்துவிட்டது. யூரிக் அமிலம் ஏறிக் கிடக்கிறது, பீரை விட்டுத் தொலை, வீக்கம் வடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதே என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்டால்தானே. வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நேற்றும் வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் படுத்தார்.

இன்று பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் அவருடைய மனைவியின் தம்பி. அவர் வலது ஷூவின் முனையை பிளேடால் கீறி வைத்திருப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"என்ன மாமா இது?"

"ஷூ கடிக்குது மாப்ள."

"ஷூவா கடிக்குது? அக்காகிட்ட கேட்டுக்கவா?"

"போய் டிக்கெட்டைப் போடு."

பாலத்து இறக்கம் வந்தது. பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. கியரைக் குறைத்துக் குறைத்து ஒப்பேற்றினார். இறக்கத்தின் அடியில் ஒரு பெண், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

மிதித்தார். விரலில் சுரீரென்றது. அவரைக் கேட்காமலே கால் பெடலை விட்டு வந்துவிட்டது. ஹாரனை அமுக்கினார். அவள் திகைத்துப்போய் நடுச்சாலையிலேயே நின்றுவிட்டாள். அட பாவி மனுஷா, இந்த விரலை வைத்துக்கொண்டா இத்தனை பேரை ஏற்றினாய்? பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலால் பெடலை ஏறி மிதித்தார், கை பிரேக்கையும் இழுத்தார். உள்ளே ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். பஸ் நின்றபோது குழந்தை வண்டிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையத்தான் இடமிருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழுதபடியே கடந்து போனாள். பழக்கதோஷத்தில் கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் நகரவில்லை. அவர் எஞ்சினை அணைத்துச் சாவியை அவனிடம் நீட்டினார்.

"டிப்போவுக்கு போன் போடு மாப்ள. வேற டிரைவரை அனுப்பச் சொல்லு."

"காரணம் கேப்பாங்களே மாமா." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஷூ கடிக்குதுன்னே சொல்லிடவா? இல்லேன்னா வேலைக்கே உலை வெச்சுடுவாங்க."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். விரல் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது.

"பீருன்னு சொல்லு" என்றார்.