சாடியில் நகர்ந்த படகு

சறோஜா பூச்சாடியைக் குளியல் துவாயில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒக்லாந்து நகரின் ஒனிஹங்காக் கடைத்தெருவில் ஓடினாள். சாடியில் வரைந்திருந்த ஆறு காலை ஏழு மணியிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. சட்டை இடுப்பு வரை நனைந்துவிட்டது. அதுவல்ல அவள் கவலை. அந்த ஆற்றில் மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த படகு சாடியின் ஓரத்து எழுத்துகளில் முட்டி நின்றுவிட்டது. அன்று 1995 நவம்பர் முதலாம் திகதி, புதன்கிழமை. மறுநாள் ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் இறந்தவர்களின் பேர்களை வாசிப்பார்கள். அதற்கு அன்றே பகல் பன்னிரண்டு மணிக்குள் பேர் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலில் தன் கணவன் எட்வேட்டைச் சேர்ப்பதா இல்லையா என்பதுதான் அவளுடைய கேள்வி.

எட்வேட் 1990இல் போருக்குத் தப்பி, பேசாலைக் கரையில் இராமேஸ்வரத்துக்குப் படகேறினான். படகு போய்ச் சேரவில்லை. கைக்குழந்தை ஜனுஷாவுடன் சறோஜா ஒக்லாந்தில் இருந்த அண்ணன் ஆனந்தராசாவிடம் வந்தாள். லம் என்ற சீனக் கிழவரின் மரக்கறிக் கடையில் கீரை கட்டும் வேலை கிடைத்தது. 1992இல், ஒரு செவ்வாய்க்கிழமை, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வைத்துவிட்டு வரும் வழியில் பழைய சாமான் விற்பனையில் இரண்டு டொலருக்கு இந்தச் சாடியை வாங்கினாள். லம் அன்றே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளையில் இருக்கும் இரண்டு கரிச்சான்கள் நல்ல செய்தி என்றார். சோடி வாத்துகள் பிரியாத தம்பதி என்றார். கழுத்தைச் சுற்றிப் பறக்கும் ஐந்து வௌவால்கள் ஐந்து பாக்கியம். கரையில் ஒரு பெண் நின்றாள், பக்கத்தில் அலரிமாதிரி இலை தொங்கும் ஒரு மரம். மரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்தில் இருந்த ஐந்து வரி எழுத்தைக் கண்ணாடி போட்டு, கழற்றி, மறுபடி போட்டு வாசித்தார். "போனவன் வருகிறான், வாசலைப் பூட்டாதே. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சறோஜா வாசலைப் பூட்டவில்லை. இரண்டு முறை கள்ளர் வந்தார்கள். தொலைக்காட்சியைக் கொண்டுபோனார்கள், சாடியைத் தொடவில்லை. படகோ மாதத்துக்கு ஓர் அரிசி நீளம் கரையை நோக்கி நகர்ந்தது. அவள் சம்பா அரிசியை வைத்து அளந்தாள். ஆனந்தராசா முதலில் சிரித்தார், பிறகு தானும் அளந்தார், பிறகு பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, அஞ்சு வருசமாச்சு. பேரைக் குடன், ஆத்துமா இளைப்பாறட்டும்."

"படகிலை நிக்கிற மனுசன் எப்பிடியண்ணை இளைப்பாறுறது?"

அந்தப் படகுதான் இப்போது நின்றுவிட்டது.

லம் குமரா என்ற சர்க்கரைவள்ளிக் கிழங்கை நிறுத்துக்கொண்டிருந்தார். சாடியைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டார். கடைக் கதவை மூடி, கிழங்கு சுரண்டும் கத்தியை எடுத்து, ஐந்து வரிகளையும் வழித்துச் சுரண்டத் தொடங்கினார். எழுத்துகள் கறுப்புத் தூளாக உதிர்ந்தன.

"ஐயோ, மிஸ்டர் லம்! நல்ல வார்த்தையெல்லோ!"

"படகு முக்கியமா, எழுத்து முக்கியமா? வாயை மூடிக்கொண்டு வாளியைப் பிடி."

அரை வாளி ஆறு வழிந்தது, படகு மறுபடி அசைந்தது. பன்னிரண்டு மணி தாண்டியது. சறோஜா பேர் கொடுக்கவில்லை.

மறுநாள் பூசையில் மற்றவர்களின் பேர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, எட்வேட் ஒனிஹங்காத் துறையில் ஒரு மீன்பிடிப் படகிலிருந்து இறங்கினான். தாடி வயிறு வரை இருந்தது. யாரிடமும் கேட்காமல் பூட்டாத வீட்டுக்குள் போய்க் கால் கழுவினான். பூசை முடிந்து வந்தவள் வாசலில் ஈரக் காலடிகளைக் கண்டு, உள்ளே போய், "சாப்பிட்டனீங்களோ?" என்றாள். விசா அலுவலகத்தார் பதினான்கு மாதம் யோசித்துவிட்டு முத்திரை குத்தினார்கள். சாடிப் படகு கரையில் கட்டிக் கிடந்தது; அதன்பின் அது அசையவுமில்லை, ஒழுகவுமில்லை.

1999இல் லம் கடையை விற்றார். அன்று பகல் சறோஜா வீட்டில் அவருக்கு ஸ்னாப்பர் மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு போட்டபோது அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "சறோ, சாடியில் இருக்கும் அந்த மரம் வில்லோ. பிரிகிறவர்களுக்கு அதன் கிளையை முறித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். அது வருகிற படகு இல்லை, போகிற படகு. திரும்பி வராத ஒருவனை வழியனுப்பிவிட்டு வரைந்தது என்றுதான் எழுதியிருந்தது. உன் முகத்தைப் பார்த்து என்னால் அதை வாசிக்க முடியவில்லை."

சறோஜா திரும்பிச் சாடியைப் பார்த்தாள். எட்வேட் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கடலில் கழிந்த ஐந்து வருடங்களைப் பற்றி அதுவரை அவன் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

"ஓம், நாங்கள் போய்க்கொண்டுதான் இருந்தனாங்கள்," என்றான். "தொண்ணூற்றிரண்டிலை, ஒரு செவ்வாய்க்கிழமை, படகு தானாத் திரும்பினது."